இந்த நிழல் யாருடையது? ஸ்கேன் செய்த ஓவியத்தின் நிறத்தைச் சீராக்கும் பாடம்



நம் இதழுக்குப் பிள்ளைகளின் ஓவியங்கள் வராத மாதமே இல்லை. தைப்பூசம் என்றால் காவடி, நவராத்திரி என்றால் கொலு, தீபாவளி என்றால் விளக்கு. தாளில் பார்க்கும்போது அழகாக இருக்கும் ஓவியம், ஸ்கேன் செய்து கணினியில் திறந்ததும் ஆளே மாறிவிடுகிறது. ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் மங்கல். வெள்ளைத் தாள் ஓரிடத்தில் மஞ்சளாகவும் இன்னோரிடத்தில் சாம்பலாகவும் தெரிகிறது. போதாக்குறைக்கு நடுவில் நீளமாக ஒரு கோடு வேறு!

பக்க வடிவமைப்புக்கு உதவும் எங்களுக்கு இது வாடிக்கையான வேலை. நான் மின்னணுப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. வகுப்பில் படித்த ஒரு சின்ன வகுத்தல் கணக்கு இந்த வேலைக்கு அப்படியே கைகொடுத்தது. அதைத்தான் இந்தப் பாடத்தில் படிப்படியாகச் சொல்லப்போகிறேன். மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஜிம்ப் இலவசமாகவே கிடைக்கிறது. போட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கும் இதே படிகள்தான்.

முதல் கேள்வி

மௌஸைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். படத்தில் தெரியும் இந்த நிழல் யாருடையது? ஸ்கேனர் போட்டதா, வரைந்தவர் போட்டதா?

ஏன் இதைக் கேட்கிறேன் என்றால், ஒரு தங்கை பத்துமலையை வாட்டர் கலரில் வரைந்திருந்தாள். 272 படிகளுக்கும் 2018இல் வர்ணம் பூசினார்களே, அந்த நிறங்களையெல்லாம் பொறுமையாகத் தீட்டியிருந்தாள். பின்னால் சுண்ணாம்புப் பாறை. அதற்கு மேலே வானம். அந்த வானத்தை அவள் ஒரே சீராகப் பூசவில்லை. இடப்பக்கம் தண்ணீர் அதிகம், வலப்பக்கம் சாயம் அதிகம். மழை வரப்போகிற வானம் அது.

ஒரு நிகழ்ச்சிக் கையேட்டில் அந்தப் படம் அச்சாகி வந்தது. யாரோ தானியங்கித் திருத்தப் பொத்தானைத் தட்டியிருக்கிறார்கள். மேகம் போய்விட்டது. பாறையின் சாம்பல் நிறம் வெளுத்துவிட்டது. அவள் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது நான் வரைஞ்சதுதானா?" என்று கேட்டாள். கீழே அவள் பெயர் சரியாகத்தான் போட்டிருந்தது.

மென்பொருளுக்கு மேகமும் தெரியாது, ஸ்கேனர் விளக்கும் தெரியாது. அதற்கு இரண்டும் 'சீரில்லாத நிறம்', அவ்வளவுதான். பிரித்துப் பார்க்க வேண்டியது நம் வேலை. இயந்திரம் போட்ட நிழலை எடுக்க வேண்டும். கை போட்ட நிழலைத் தொடக்கூடாது. இந்தப் பாடம் முழுவதும் இந்த ஒரு விதியைச் சுற்றித்தான்.

கண்டுபிடிப்பது எப்படி?

வழி ரொம்ப எளிது. ஓவியத்தை ஒரு முறை ஸ்கேன் செய்யுங்கள். பிறகு தாளை 180 பாகை திருப்பி, அதாவது தலைகீழாக வைத்து, இன்னொரு முறை ஸ்கேன் செய்யுங்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க.

- மங்கல் கண்ணாடியின் அதே பக்கத்திலேயே நிற்கிறதா? அது ஸ்கேனருடையது.
- மங்கல் தாளோடு சேர்ந்து திரும்பிவிட்டதா? அது வரைந்தவருடையது.
- மங்கல் தாளோடு திரும்பியது, ஆனால் வெளிச்சப் பக்கமும் இருண்ட பக்கமும் இடம் மாறிவிட்டனவா? அது தாளின் சுருக்கம். மேடு பள்ளத்தில் விளக்கு ஒரு பக்கமிருந்து விழுவதால் வரும் நிழல்.

கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். 'கண்ணால் காண்பதும் பொய்' என்று பெரியவர்கள் சொன்னது இந்த வேலைக்கு நூற்றுக்கு நூறு பொருந்தும். பக்கத்தில் அடர் நீலம் இருந்தால் சாம்பல்கூட நமக்கு வெள்ளையாகத் தெரியும். அதனால் கலர் பிக்கர் கருவியை எடுங்கள். அதில் 'சேம்பிள் ஆவரேஜ்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். ஒரே ஒரு புள்ளியைப் படிக்காமல் சுற்றியுள்ள புள்ளிகளின் சராசரியைப் படிக்கும். தாளின் நான்கு மூலைகளிலும் சாயம் படாத இடத்தைச் சொடுக்கி, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் வரும் எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெளிச்சம்.

வரையும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள்: தாளின் நான்கு ஓரங்களிலும் ஒரு சென்டிமீட்டர் வெறுமையாக விடுங்கள். அந்த வெள்ளை ஓரம்தான் எங்களுக்கு அளவுகோல்.

ஸ்கேன் செய்யும்போதே பாதி வேலை முடிந்துவிடும்

1. கண்ணாடியை மெல்லிய துணியால் துடையுங்கள். படத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஓடும் நேர்கோடு பெரும்பாலும் தூசியால் வருவது. ஸ்கேனர் தன் வெள்ளையை அளந்து பார்க்கும் பட்டையில் தூசி இருந்தால், அந்த ஒரு இடத்தின் பிழை கோடாக நீண்டுவிடும்.

2. பழைய ஸ்கேனர்களில் குழல் விளக்கு இருக்கும். அதைப் போட்டதும் உடனே ஸ்கேன் செய்யாமல் சில நிமிடங்கள் சூடாக விடுங்கள். எல்இடி விளக்குள்ள புதிய ஸ்கேனர்களுக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை.

3. நம் நாட்டு ஈரப்பதத்தில் வாட்டர் கலர் தாள் அப்பளம் மாதிரி வளைந்துகொள்ளும். சாயம் நன்றாகக் காய்ந்த பிறகு, இரண்டு சுத்தமான தாள்களுக்கு இடையே வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு விடுங்கள். மெல்லிய ஸ்கேனர்களால் கண்ணாடியோடு ஒட்டியிருப்பதைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். தாள் சற்றுத் தூக்கியிருந்தாலும் அந்த இடம் இருண்டு மங்கிவிடும்.

4. தானியங்கி வெளிச்சம், தானியங்கி நிறம், பின்னணி வெளுப்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இவை இயங்கினால் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் அளவு மாறும். மாறிக்கொண்டே இருக்கும் பிழையைத் திருத்தவே முடியாது.

5. 300 டிபிஐ அச்சுக்குப் போதும். ஏ4 தாள் அந்த அளவில் 2480 × 3508 புள்ளிகள் வரும். முடிந்தால் 48 பிட் நிறத்தில் எடுங்கள். சாதாரண 24 பிட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 48 பிட்டில் 65,536 படிகள். திருத்தும்போது இழுத்துப் பிடித்தால், படிகள் குறைவாக உள்ள படத்தில் வானம் பட்டை பட்டையாக உடையும். ஜிம்ப்பில் 2018இல் வந்த 2.10 பதிப்பு முதல் இவ்வளவு நுணுக்கமான படங்களைத் திருத்தலாம்.

6. கடைசியாக, மிக முக்கியமாக, ஓவியத்தை எடுத்துவிட்டு ஒரு வெற்று வெள்ளைத் தாளை வையுங்கள். கண்ணாடி முழுவதையும் மூட வேண்டும். எந்த அமைப்பையும் மாற்றாமல், அதே அளவில் ஸ்கேன் செய்யுங்கள். வெறும் தாளை எதற்கு ஸ்கேன் செய்வது என்று கேட்கிறீர்களா? மருந்தே அதுதான்.

கூட்டல் வேண்டாம், வகுத்தல் வேண்டும்

சரி, இப்போ கணக்குக்கு வருவோம். ஸ்கேனர் பதிவு செய்யும் எண் இரண்டு விஷயங்களின் பெருக்கல்: அந்த இடத்தில் விழுந்த வெளிச்சம், அந்தச் சாயம் திருப்பி அனுப்பும் பங்கு. நமக்கு வேண்டியது சாயம் மட்டும். பெருக்கலில் கலந்த ஒன்றை எப்படி எடுப்பது? வகுத்துத்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. வெற்றுத் தாள் இடப்பக்கம் 240 காட்டுகிறது, வலப்பக்கம் 214 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே நீலச் சாயம் இடப்பக்கம் 180ஆகவும் வலப்பக்கம் 160ஆகவும் தெரியும். ஒரே கறுப்புக் கோடு இடப்பக்கம் 40, வலப்பக்கம் 36.

பலர் செய்வது, வலப்பக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்து 'பிரைட்னஸ்' கூட்டுவது. 26 கூட்டினால் தாள் 240 ஆகிவிடும், சரி. ஆனால் நீலம் 186 ஆகிறது, வேண்டியது 180. கறுப்புக் கோடு 62 ஆகிறது, வேண்டியது 40. அதாவது தாளைத் திருத்தப் போய்க் கறுப்பைச் சாம்பலாக்கிவிட்டோம். முருகனின் கண்மை வெளுத்துப்போவது இப்படித்தான்.

இப்போ வகுத்துப் பாருங்க. 180ஐ 240ஆல் வகுத்து 255ஆல் பெருக்கினால் 191. 160ஐ 214ஆல் வகுத்து 255ஆல் பெருக்கினாலும் 191. கறுப்புக் கோடு இரண்டு பக்கமும் ஏறக்குறைய 43. தாள் இரண்டு பக்கமும் 255. ஒரே கணக்கில் மூன்றும் சமமாகிவிட்டன!

வானியல் ஆய்வாளர்களும் இதைத்தான் செய்கிறார்கள். தொலைநோக்கியால் சீரான வெளிச்சமுள்ள திரையையோ அந்தி வானத்தையோ படம் எடுத்து வைத்து, நட்சத்திரப் படத்தை அதனால் வகுப்பார்கள். 'ஃபிளாட் ஃபீல்ட்' என்று பெயர். நட்சத்திரத்துக்குச் செய்வதை நாம் பத்துமலைக்குச் செய்கிறோம்.

ஜிம்ப்பில் செய்முறை

படி 1: ஓவியத்தின் ஸ்கேனைத் திறக்கவும். 'ஓபன் ஏஸ் லேயர்ஸ்' வழியாக வெற்றுத் தாளின் ஸ்கேனை அதன் மேல் லேயராகக் கொண்டுவரவும்.

படி 2: வெற்றுத் தாள் லேயருக்கு மட்டும் 'காசியன் பிளர்' கொடுக்கவும். அளவு 100 புள்ளிகளுக்குக் குறையாமல் இருக்கட்டும். தாளின் சொரசொரப்பும் தூசியும் கரைந்து, வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் மட்டும் மிஞ்சும்.

படி 3: அந்த லேயரின் மோடை 'டிவைட்' என்று மாற்றவும். கீழே உள்ள படம் மேலே உள்ளதால் வகுக்கப்படும். மங்கல் அந்தக் கணமே மறைவதைப் பார்ப்பீர்கள்.

படி 4: இப்போது தாள் பளிச்சென்று முழு வெள்ளையாகியிருக்கும். தாளுக்கே உரிய இளமஞ்சள் வேண்டும் என்றால், வெற்றுத் தாள் லேயரில் 'லெவல்ஸ்' திறந்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் தனித்தனியாக வெள்ளை முக்கோணத்தை வரைபடம் முடியும் இடம் வரை நகர்த்தவும். அப்போது மிக வெளிச்சமான இடம் மாறாமல் நிற்கும். மங்கிய இடங்கள் மட்டும் அதன் அளவுக்கு உயரும்.

படி 5: மூலைகளின் எண்களை மறுபடியும் படிக்கவும். நான்குக்கும் இடையே 3 அல்லது 4க்கு மேல் வித்தியாசம் இல்லை என்றால் போதும். பூஜ்யம் ஆகும் வரை துரத்த வேண்டாம்.

வெற்றுத் தாளை ஸ்கேன் செய்யாமலேயே ஓவியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களா? அதற்கும் வழியுண்டு. ஒரு புதிய லேயரில், இடப்பக்கத் தாளின் நிறத்தையும் வலப்பக்கத் தாளின் நிறத்தையும் எடுத்து, 'கிரேடியன்ட்' கருவியால் ஓரத்திலிருந்து ஓரம் வரை இழுத்து, அந்த லேயரை 'டிவைட்' ஆக்குங்கள். மங்கல் ஒரே திசையில் சீராகக் குறைந்திருந்தால் இது நன்றாகவே வேலை செய்யும்.

செய்யக்கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓவியத்தையே பிளர் செய்து, அதனாலேயே ஓவியத்தை வகுக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு. பென்சில் கோலம், கோட்டோவியம் மாதிரி பெரும்பகுதி வெள்ளையாக இருக்கும் தாளுக்கு அது பரவாயில்லை. வண்ணம் தீட்டிய படத்துக்கு வேணாம். பிளர் ஆன லேயரில் வரைந்தவரின் வானமும் சேர்ந்திருக்கும். வகுத்தால் மேகமும் சேர்ந்து போய்விடும்.

ஏ3 தாள் வந்தால்

ஏ3 என்பது 297 × 420 மில்லிமீட்டர். சரிபாதியாக்கினால் மிகச் சரியாக ஏ4. அதனால் 'இரண்டு ஸ்கேன் போதுமே' என்று தோன்றும். போதாது. இரண்டு துண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிய இடமே இருக்காது. மேலும் ஸ்கேனரின் விளிம்புச் சட்டம் தாளைத் தூக்கிவிடுவதால், சேர வேண்டிய இடம்தான் இருண்டும் மங்கியும் வரும். இடம், நடு, வலம் என்று மூன்றாக எடுங்கள். மூடியைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு, மேலே ஒரு தடித்த துணியைப் போர்த்துங்கள்.

வலப்பக்கத்தை எடுக்கத் தாளைத் தலைகீழாக வைக்க வேண்டி வரலாம். அப்படியானால் வரிசையை மறக்காதீர்கள்: முதலில் வகுக்க வேண்டும், பிறகுதான் படத்தை நேராகத் திருப்ப வேண்டும். வெற்றுத் தாளின் ஸ்கேன் கண்ணாடியின் நிழலைக் காட்டுகிறது, தாளின் நிழலை அல்ல. மூன்று துண்டையும் வகுத்த பிறகு ஒட்டினால் தையல் தெரியாது. எங்காவது லேசாகத் தெரிந்தால், லேயர் மாஸ்க்கில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கலந்துவிடலாம்.

வகுத்தலுக்கு அடங்காதவை

தாள் சுருக்கத்தின் நிழல் வகுத்தலில் போகாது. அதற்கு அந்த 180 பாகை ஸ்கேன் உதவும். இரண்டாவது ஸ்கேனையும் வகுத்து, நேராகத் திருப்பி, முதலாவதின் மேல் துல்லியமாகப் பொருத்தி, ஒப்பாசிட்டியை 50 விழுக்காடாக வையுங்கள். ஒன்றில் இருட்டாக இருக்கும் பள்ளம் மற்றதில் வெளிச்சமாக இருப்பதால் நிழல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இன்னொன்று தங்கச் சாயம். பத்துமலையில் நிற்கும் 42.7 மீட்டர் உயர முருகனை வரையும் பிள்ளைகள் தங்க நிறத்தைத்தான் எடுப்பார்கள். உலோகத் துகள் கலந்த சாயம் கண்ணாடி மாதிரி ஒளியை வேறு திசைக்குத் திருப்பிவிடும். ஸ்கேனரின் கண்ணுக்கு அது வந்து சேராது. அதனால் தங்கம் பழுப்பாக வரும். முழுப் படத்தையும் வெளிச்சமாக்கி இதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஜன்னல் ஓரத்தில் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு புகைப்படம் எடுத்து, அதைப் பார்த்து அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து 'கர்வ்ஸ்' மூலம் உயர்த்துங்கள். வீட்டில் இருக்கும் தஞ்சாவூர் ஓவியங்களை மட்டும் தயவுசெய்து ஸ்கேனரில் வைக்காதீர்கள். தங்கத் தகடும் கல்லும் புடைப்பு வேலையும் அழுத்தம் தாங்காது. அவற்றைக் கேமராவில் எடுப்பதே முறை.

காப்பாற்றி வைப்பது

திருத்தாத மூல ஸ்கேனை டிஃப் கோப்பாகத் தனியே வையுங்கள். ஏ4 தாள் 300 டிபிஐ, 48 பிட்டில் சுமார் 52 எம்பி வரும். ஒரு சின்ன விரலியில்கூட நூற்றுக்கணக்கில் அடங்கும். லேயர்கள் உள்ள வேலைக் கோப்பு தனி. அச்சுக்கு அனுப்புவது தனி. புலனத்தில் அனுப்புவதாக இருந்தால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். படமாகப் போனால் அது சுருக்கப்பட்டுவிடும். மயில் கழுத்து நீலம் மாதிரி பளிச்சிடும் நிறங்கள் அச்சு மையில் கொஞ்சம் அடங்கித்தான் வரும். அது உங்கள் திருத்தத்தின் பிழை அல்ல. அச்சகத்தில் முன்கூட்டியே ஒரு மாதிரிப் பக்கம் கேட்டுப் பாருங்கள்.

மூலத் தாள் நம்மிடம் நிரந்தரமாக இருக்காது. பிள்ளை வீட்டுக்கு எடுத்துப் போவாள், மழையில் நனையும், கரையான் அரிக்கும். பத்து வருடம் கழித்து மிஞ்சப்போவது பெரும்பாலும் நாம் சேமித்து வைத்த கோப்புதான். அதில் இருப்பதுதான் அவளுடைய வானம் என்று ஆகிவிடும். அதனால்தான் இவ்வளவு கவனம்.

பயிற்சி

1. உங்கள் வீட்டு அல்லது கிளையின் ஸ்கேனரில் ஒரு வெற்றுத் தாளை ஸ்கேன் செய்யுங்கள். நான்கு மூலை, நடு என ஐந்து இடங்களின் எண்களைக் குறியுங்கள். உங்கள் ஸ்கேனர் எந்தப் பக்கம் மங்குகிறது?

2. தம்பியோ தங்கையோ வரைந்த ஒரு வண்ணப் படத்தை நேராக ஒரு முறை, தலைகீழாக ஒரு முறை ஸ்கேன் செய்யுங்கள். தெரியும் நிழல்களில் எது யாருடையது என்று பட்டியல் போடுங்கள்.

3. வகுத்துத் திருத்துங்கள். பிறகு பகல் வெளிச்சத்தில் மூலத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, வரைந்தவரையே கூப்பிட்டுக் காட்டுங்கள். "ஆமா, இதுதான் நான் போட்ட கலர்" என்று அவர் சொன்ன பிறகு கோப்பை அச்சுக்கு அனுப்புங்கள்.